பனிக்கு அடியில் இருப்பவையும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதிவிட்டேன், அதை நீ அப்படியே நம்ப வேண்டியதில்லை. நீ அங்கே நலமாக இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். டிவியில் உன் அலுவலக வாசலைக் காட்டினார்கள், ஒரு கண்ணாடிக் கதவு திறந்து மூடியது, அதற்குள்தான் நீ இருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நீயே எழுதினால் நம்புகிறேன். போனில் வேண்டாம். போனில் நீ சொன்ன ஒன்றில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலிலேயே எழுதினால் மீதியை நீ படிக்கமாட்டாய்.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. படியில் இறங்கும்போது மட்டும் பக்கவாட்டில் இறங்குகிறாள். மாடியில் துணி காயப்போடப் போனால் திரும்பி வர நேரமாகிறது. முன்பெல்லாம் உதறிப் போட்டுவிட்டு வந்துவிடுவாள், இப்போது கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நிற்கிறாள். பட்டப்பகலில் அங்கே என்ன தெரியும். என்ன பார்க்கிறாய் என்று கேட்டால் "மழை வருமான்னு பாத்தேங்க" என்கிறாள். வானத்தில் மேகமே இல்லை. உங்கள் விண்வெளி அலுவலகம் அந்தச் செய்தியைச் சொன்ன நாளிலிருந்து இப்படித்தான். பனி மூடிய ஒரு நிலவு, பனிக்கு அடியில் கடல், கடலில் உயிர். கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனாலும் தின்கிறது, பெருகுகிறது. நீங்கள் அனுப்பிய கருவி அந்தத் தண்ணீரை உறிஞ்சி அங்கேயே சோதித்துச் சொன்னதாம். இதெல்லாம் உனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டுக்குள் அது எப்படி வந்து சேர்ந்தது என்பது உனக்குத் தெரியாது.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா. யாரோ கை கழுவவில்லை. குடிநீர் ஆய்வுக்கூடத்தில் தலை நரைத்தவனுக்கு வேறென்ன தோன்றும். குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து வருகிறோம், தட்டில் ஊற்றி இன்குபேட்டரில் வைக்கிறோம், மறுநாள் தட்டில் புள்ளி வளர்ந்திருந்தால் உடனே தண்ணீரைக் குற்றம் சொல்லமாட்டோம், பிடித்தவன் கையைப் பார்ப்போம், இருமினானா, மூடியைத் தரையில் வைத்தானா. அதற்காகவே கூட ஒரு வெற்றுக்குப்பி போய் வரும். கிருமி நீக்கிய சுத்தத் தண்ணீர், போகிற வழியெல்லாம் கூடப் போய்த் திரும்பும். அதிலும் புள்ளி வந்தால் அழுக்கு நம்முடையது என்று அர்த்தம். இத்தனை தூரம் போன உங்கள் கருவி நம் தும்மலையே சுமந்துகொண்டு போய் அங்கே கண்டுபிடித்துவிட்டதோ என்று எனக்கு ஒரு எண்ணம். கோபப்படாதே. உன்னைச் சந்தேகப்படவில்லை, கையைத்தான்.

முடி வெட்டப் போயிருந்தேன். சலூன்காரர் என் தலையைக் குனியவைத்துக்கொண்டு, "இத்தனை நாளா நாமதான் ஒரே குடும்பம்னு நெனச்சிட்டு இருந்தோம் சார், இப்பப் பாத்தா கடவுளுக்கு அங்க ஒரு சின்ன வீடு இருக்கு" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. காத்திருந்த பஸ் டிரைவர், "அதான் நாம கூப்பிடறப்ப எல்லாம் லைன் பிஸி" என்றார். நானும் சிரித்தேன், பிடரியில் கத்தி இருக்கும்போது வேறென்ன செய்வது. நடந்து வீட்டுக்கு வரும்போது சிரிப்பு இல்லை. அவை இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை, கடவுள் அதை மறைத்ததுதான் உறுத்தியது. எத்தனை பேர் வாயால் எத்தனை காலம் பேசியிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒருவர் ஒன்றை மறைத்தார் என்று தெரிந்த பிறகு பழைய நாட்களை எல்லாம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தோன்றுகிறது. நீ சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது கேட்டோமே, அப்போது அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இதை உன் அம்மாவிடம் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே, "எது பெரிய வீடு, எது சின்ன வீடுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க நமக்கு முன்னாடியே இருந்திருந்தா?" என்றாள். நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். பிறகு பசித்தது, வந்து சாப்பிட்டேன்.

மனிதர்களும் மாறிவிட்டார்கள், நல்லவிதமாக மாறியிருக்கிறார்கள், அதுதான் பயமாக இருக்கிறது. இதுவரை தலையசைக்காத எதிர்வீட்டுக்காரர் வலிய வந்து உன்னை விசாரிக்கிறார். கேட்டில் யாரோ நோட்டீஸ் செருகிவிட்டுப் போகிறார்கள், பனிக்கு அடியில் இருப்பவைதான் நம்மைப் படைத்தவை என்று ஒன்று, எல்லாம் பொய், பணத்துக்காகச் செய்கிறார்கள் என்று இன்னொன்று, இரண்டும் ஒரே அச்சகத்தில் அடித்தவை, எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பிரார்த்தனைக் கூடத்தில் கூட்டம் கூடிவிட்டது. வராதவர்கள் எல்லாம் வருகிறார்கள், பின்வரிசையில் உட்கார்ந்து முன்வரிசையில் இருக்கும் எங்கள் பிடரியைப் பார்க்கிறார்கள். பயத்தில் வருகிறார்களா, வேடிக்கை பார்க்க வருகிறார்களா, தெரியவில்லை. கடவுள் பொய்யாகிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறார், ஆனால் நம்மிடம் சரியாக நடந்துகொள்ளவில்லை என்பதுபோல எல்லோர் முகத்திலும் ஒரு முறைப்பு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கூடத்தில் வாராவாரம் வேண்டுதல் வாசிப்பது உன் அம்மா என்பதும், வெளியில் கடைக்காரனிடம் விலை கேட்கக்கூடக் கூசுபவள் அங்கே மட்டும் குரல் பிசிறாமல் வாசிப்பாள் என்பதும் உனக்குத் தெரியும். அந்த வேண்டுதல் வட்டம் வட்டமாக விரியும். வீட்டில் இருப்பவர்கள், தெருவில் இருப்பவர்கள், நோயில் இருப்பவர்கள், தூரத்தில் இருப்பவர்கள், வாயில்லாத பிராணிகள், கடைசியாகப் பூமியின் மேல் உயிரோடு இருக்கும் எல்லாம். வரிக்கு வரி கூட்டம் "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லும். முடிவில் ஒரு வரி, இவ்வளவே உயிர், இவ்வளவும் உம்முடையது. அன்றைக்கு அம்மா பூமி வரைக்கும் வந்தாள், மூச்சு வாங்கினாள், அதே குரலில், அதே இழுப்பில், "பனிக்கு அடியில் இருப்பவையும், அவற்றுக்காகக் கேட்க அங்கே யாரும் இல்லாததால்" என்றாள். கூட்டம் மொத்தமும் "அப்படியே ஆகட்டும்" என்றது. பழக்கம். அவள் குரல் இறங்குகிற இடத்தில் எல்லோர் வாயும் தானாகத் திறந்துகொள்ளும். மைக்கைக் கையிலிருந்து விடாத உன் மைக் மாமாவும் சொன்னார், அம்மாவின் அண்ணன், கூடத்தின் தலைவர், அவரே சொன்னார், நான் பார்த்தேன். நான் என்றைக்கும் வாய் திறப்பதில்லை, யார் யார் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று உறைத்தது. அம்மா கடைசி வரியை வாசிக்கவே இல்லை. தாளை மடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் சண்டை. வாய் தவறிச் சொன்னது செல்லாது என்று ஒரு கட்சி, சொன்னது சொன்னதுதான், திரும்ப வாங்க முடியாது என்று ஒரு கட்சி. மைக் மாமா, "யோசிக்காம தூக்கத்துல சொன்னதெல்லாம் கணக்குல வராது" என்று தீர்ப்புச் சொன்னார். தையல்கார அக்கா விடவில்லை, "வாராவாரம் தூக்கத்துலதானே சொல்றோம், அப்ப இதுவரைக்கும் சொன்ன எதுவுமே கணக்குல வராதா?" என்று கேட்டாள். மைக் மாமாவிடம் அப்போது மைக் இல்லை, செருப்பைத் தேடப் போய்விட்டார்.

எனக்கு ஒரே சந்தேகம், நீயும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை என்று. நம் மகள் சொல்லிக்கொடுத்தாளா என்று அவளையே கேட்டேன். "என் வாய்க்கு யாரும் எழுதித் தர வேண்டாம். அதுங்க அங்க இருட்டுல இருக்குதுங்க. அதுங்களுக்காக யாரு கேப்பா? நம்ம பொண்ணு போய்க் கதவைத் தட்டியிருக்கா, தட்டினவ வீட்டுக்காரங்க விசாரிக்க வேண்டாமா?" என்றாள். எனக்கு இதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றியது, அதனால் இன்னும் சந்தேகமாகிவிட்டது.

மறுநாள் மைக் மாமா வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வந்தார். அவர் பழம் வாங்கி வந்து நான் பார்த்ததில்லை, எதிலும் புழு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன், பழம் நன்றாகத்தான் இருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை, கமிட்டியில எல்லாரும் கொதிச்சுப் போயிருக்காங்க, தங்கச்சிய நிறுத்தச் சொல்றாங்க. நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன். நீங்க தண்ணி டெஸ்ட் பண்றவரு, புள்ளையோட அப்பா வேற. அடுத்த கூட்டத்துல எழுந்து, அது நம்ம அழுக்காக்கூட இருக்கலாம், இன்னும் உறுதியாகலன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. அந்த வரி தானா விழுந்துடும். தங்கச்சி பாட்டுக்கு வாசிச்சிட்டே இருக்கலாம்" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டினதை உன்னிடம் ஒளிக்கவில்லை. அவர் கேட்டது நான் பாதி நம்புகிற விஷயம், அதைச் சொன்னால் உன் அம்மாவின் இடம் அவளுக்கே இருக்கும். உனக்கு மட்டும் கொஞ்சம் அவமானம். நீ தூரத்தில் இருக்கிறாய், உன் காதுக்கு வராது என்று நினைத்தேன். வரும் என்றும் நினைத்தேன்.

அதனால்தான் அன்றைக்கு உன்னைப் போனில் கூப்பிட்டேன். விசேஷம் ஒன்றுமில்லை என்று தொடங்கினேனே, பொய். வெற்றுக்குப்பி எடுத்துப் போனீர்களா என்று கேட்டேன். நீ யோசிக்கவே இல்லை, "நாலு எடுத்துட்டுப் போனோம்பா, நாலும் சுத்தம். முதல்ல நாங்களும் எங்க கையைத்தான் சந்தேகப்பட்டோம், அப்பறம்தான் வெளிய சொன்னோம்" என்று சிரித்தாய். எனக்கு அது போதும். போதாது, ஆனாலும் போதும். அதே போனில் அம்மா உன்னிடம் ஒன்று கேட்டாள், அதற்கு நீ சொன்ன பதில்தான் கடைசியில் வரப்போகிறது.

கூட்ட நாளன்று மைக் மாமா என்னை முன்னால் கூப்பிட்டார். மைக்கை என் கையில் தரவில்லை, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல என் வாயருகே அவரே பிடித்துக்கொண்டார். அம்மா முதல் வரிசையில் கண்ணாடியைக் கழற்றிச் சேலை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள். நான் சொல்ல வந்தது அழுக்கு என்ற வார்த்தைதான், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது எங்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம் ஞாபகத்துக்கு வந்தது, அதையே சொன்னேன். "எங்க வேலையில தட்டுல ஒரு புள்ளி தெரியும், அழுக்கா உயிரான்னு தெரியாது. அப்ப நாங்க இல்லைன்னு சொல்லமாட்டோம். வால்வை மூடச் சொல்லுவோம், ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன் போடுவோம். திரும்பச் சோதிச்சு இல்லைன்னு தெரியற வரைக்கும் இருக்குன்னுதான் வச்சுக்குவோம்" என்றேன். மைக் மாமா மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "அப்ப என்னதான் சொல்றீங்க மாப்பிள்ளை, இருக்கா இல்லையா?" என்றார். மைக் திரும்பி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெறும் வாயால், "எனக்குத் தெரியாது மச்சான். தெரியாத வரைக்கும் இருக்கு" என்றேன். பின்வரிசையில் யாரோ பழக்கத்தில் "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார். கூடம் சிரித்தது. அங்கே நான் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகிவிட்டது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. கை தூக்கச் சொன்னார்கள். அம்மா வாசிக்கட்டும் என்று தையல்கார அக்கா தூக்கினாள், பஸ் டிரைவர் தூக்கினார், இன்னும் சில கைகள். எண்ணத் தேவையே இல்லை, பார்த்தாலே தெரிந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கை தூக்கவில்லை. உன் அம்மாவுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு என்று மைக் மாமா மைக்கில் சொன்னார். அவள் "சரிண்ணே" என்றாள், மடித்த தாளைக் கொடுத்துவிட்டாள். இப்போது பாங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் வாசிக்கிறார், ரயில் வரும் நேரத்தை அறிவிப்பதுபோல இருக்கிறது, கடைசி வரியை மட்டும் அழுத்தி, இவ்வளவே உயிர் என்று. கூட்டம் பதில் சொல்கிறது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. இப்போது எல்லோரும் எதற்குச் சொல்கிறோம் என்று கவனித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள். அது ஒன்றுதான் மாறியிருக்கிறது.

திரும்பி நடந்து வரும்போது, "உங்கள யாரு வால்வு கதையெல்லாம் பேசச் சொன்னா?" என்றாள் அம்மா. அடுத்த தெரு திரும்பினோம். பிறகு, "நீங்க அழுக்குன்னு சொல்லியிருந்தா நான் வாசிச்சிருக்கவே மாட்டேன், அது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையில் நான் அவளுக்காகச் சொன்னேனா, உனக்காகச் சொன்னேனா, மைக்கைத் தராத எரிச்சலில் சொன்னேனா, எனக்கே சந்தேகம். இப்போது அவள் வீட்டிலேயே வாசிக்கிறாள். சாயங்காலம் பாத்திரம் கழுவி முடித்த பிறகு, அடுப்படியில் நின்றபடி. தாள் இல்லை, அவளுக்கு எதற்குத் தாள். வரிசையை மட்டும் மாற்றிவிட்டாள். பனிக்கு அடியில் இருப்பவை கடைசியில் வருவதில்லை. தூரத்தில் இருப்பவர்கள் என்று ஒரு வரி இருக்கிறதே, அதில் உன்னையும் அவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாள். வேண்டுமென்றே செய்கிறாயா என்று கேட்டேன். "ரெண்டும் தூரம்தானே" என்றாள். இதில் ஏதோ இருக்கிறது, கண்டுபிடித்துவிடுவேன்.

இனி அந்தச் சந்தேகம். போனில் அம்மா, "சாயங்காலம் வேண்டுதல் சொல்றியாம்மா?" என்று கேட்டாள். குப்பியைப் பற்றிக் கேட்டபோது யோசிக்காமல் பதில் சொன்னவள், இதற்கு நேரம் எடுத்தாய். லைன் அப்படித்தான், குரல் அவ்வளவு தூரம் போய் வர வேண்டாமா என்கிறாள் அம்மா. குப்பிக்கு மட்டும் தூரம் குறைந்துவிட்டதா. பிறகு "ம்" என்றாய். அந்த ஒரு எழுத்தை நான் எத்தனையோ முறை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. இன்னொரு கடலில் உயிரைப் பார்த்தவளிடம் எது முதலில் போகும், எது மிஞ்சும் என்று சொல்ல நான் யார். அந்த நம்பிக்கை போயிருந்தால் எனக்கு எழுது, அம்மாவிடம் சொல்லமாட்டேன். போகவில்லை என்றாலும் எழுது, நம்புவதற்கு முயற்சி செய்கிறேன். ஒன்றும் எழுத வராவிட்டாலும் குற்றமில்லை. உன்னிடம் அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன், திரும்பச் சோதித்துப் பார்க்கும் வரை. என்னிடமும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், வெகுகாலமாக.

நன்றாக இரு. கையால் தொட்டதெல்லாம் உயிர்பெறட்டும், உன் கை மட்டும் சுத்தமாக இருக்கட்டும். குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு தண்ணீர் பிடி, எவ்வளவு நல்ல ஊராக இருந்தாலும் சரி. உன்னிடம் திடீரென்று அன்பாகப் பேசுகிறவர்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியே வை. பதில் எழுதும்போது கவரை நன்றாக ஒட்டு, போன முறை பிரிந்து வந்தது, தபால்காரர்மேல் எனக்கு ஒரு கண் இருக்கிறது. இன்னொன்று, இதை அம்மா எழுதச் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் உன் வரிக்கு வந்து மூச்சு வாங்கும்போது அடுப்படி வாசலில் நின்று நான் அப்படியே ஆகட்டும் என்று சொல்கிறேன். பழக்கத்தில் வருவதல்ல. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் சந்தேகக்கார அப்பா